பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் தேய்மானமும் மசகிடலும்

ஒன்றோடொன்று உராய்ந்து இயங்கும் உலோகப் பாகங்கள் நாளடைவில் தேய்வது இயற்கை. தேய்ந்த பாகத்தை அகற்றிப் புதியதொன்றைப் பொருத்துவது, அது கடையில் கிடைக்கும் வரையில், எளிய காரியமே. உற்பத்தி நின்றுபோன பழைய எஞ்சின்களின் நிலைமை வேறு. அவற்றில் எஞ்சியிருக்கும் உலோகமே அவற்றின் மூலதனமாகும். சிலிண்டரின் உட்சுவரை ஒரு முறை கடைந்து அகலமாக்கினால், கடைந்தெடுத்த உலோகம் மீண்டும் அங்கு வந்து சேர்வதில்லை. இம்மூலதனத்தை எவ்வாறு சிக்கனமாகச் செலவிடுவது என்பதும், எஞ்சியதை மசகெண்ணெய் எவ்விதம் காக்கிறது என்பதும் ஒரு குறிப்பிட்ட எஞ்சினை முன்வைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும்.

அவ்வாறு எடுத்துக்கொள்ளத் தகுந்தது ராயல் என்பீல்டு புல்லட் 350 எஞ்சின். பின்சக்கரத்துக்கு ஊஞ்சல் கைத் தாங்கு அமைப்புடைய புல்லட் 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1950-களின் முற்பகுதியில் இந்திய இராணுவம் இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் ரெட்டிச் நகரிலிருந்து வந்த பாகங்களை இணைத்து வண்டிகள் ஆக்கப்பெற்றன. பின்னர்ப் படிப்படியாகப் பாகங்களும் இங்கேயே வார்த்துக் கடையப்பட்டன. இங்கிலாந்தில் 1960-களின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்ட அவ்வமைப்பு, வார்ப்பிரும்புச் சிலிண்டருடன், இந்தியாவில் 2010-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரையில் வாழ்ந்தது. எஞ்சின் வரலாற்றில் இத்தகைய நீண்ட ஆயுள் அரிது. ஆகவே காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரையில் இவ்வெஞ்சினைப் பிரித்துப் பூட்டாத பட்டறை இல்லையென்றே கூறலாம். உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றின் அளவும் தரமும் ஒரே சீராக இருப்பதில்லை. நல்ல பழைய வார்ப்பு ஒன்றைக் கவனக்குறைவால் இழந்தவர் அதற்கு ஈடானதைத் தேடுவதில் படும் பாடு சிறிதன்று.

எஞ்சினின் அமைப்பு

சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு 90 மி.மீ. இவ்விரண்டிலிருந்து 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கிடைக்கிறது. நிமிடத்திற்கு 5,000 சுற்று என்னும் வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர். இவ்வேகம் சீரானதன்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இரு முறை முற்றிலும் நின்று, திசை மாறி, மறுபடியும் ஓடத் தொடங்குகிறது. தேய்மானத்தின் இரகசியம் பெரும்பாலும் இந்நிற்றலில் அடங்கியிருப்பதைப் பின்னர்க் காணலாம்.

எண்ணெய்த் தொட்டி இவ்வெஞ்சினில் வெளியே தனியாகத் தொங்குவதில்லை. கிராங்குப் பெட்டியின் பின்பகுதியிலேயே ஓர் அறையாக வார்க்கப்பட்டுள்ளது. கிராங்குத் தண்டின் முனையிலுள்ள புழுத் திருகு இரண்டு சிறு பம்புகளை இயக்குகிறது. அவற்றுள் ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து, கம்பளி வடிகட்டியின் வழியாக, துளையிட்ட கிராங்குத் தண்டினுள் செலுத்தி, இணைப்புத் தண்டின் பெருமுனைத் தாங்கிக்கு அனுப்புகிறது. அத்தாங்கியின் ஓரங்களில் கசியும் எண்ணெய் சுழற்சியால் வீசப்பட்டுச் சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டன் ஊசியையும் நனைத்துக் கீழே வழிகிறது. இரண்டாவது பம்பு அதனை மேலேற்றி, ஒரு பகுதியை வால்வுகளை இயக்கும் ராக்கர்களுக்கு அளித்துவிட்டு, மீதியைத் தொட்டிக்குத் திருப்புகிறது. இவ்வொழுங்கில் முதற்பங்கு பெருமுனைக்கே உரியது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அத்தாங்கிக்கு எண்ணெய் வராவிடின் சிலிண்டருக்கும் வாராது. அதற்குப் பின்னுள்ள பாகங்கள் அனைத்தும் அதன் தயவில் வாழ்பவையே.

எண்ணெய்ப் படலத்தின் இயல்பு

மசகெண்ணெய் ‘வழுவழுப்பு’ ஒன்றினாலேயே உராய்வைக் குறைக்கிறது என்பது பொதுமக்கள் கருத்து. உண்மை இதனினும் சுவையானது. 1880-களில் பிரிட்டிஷ் பொறியியலாளர் பியூசாம்ப் டவர் இரயில் வண்டி அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்து வந்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளையிட்டபோது, அத்துளையின் வழியே எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக வெளியே பொங்கியது. தக்கையிட்டு அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. அச்சு சுழலும்போது எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று, குறுகிய இடைவெளியில் திணித்து, அழுத்தம் பெறச் செய்கிறது என்பதும், அவ்வழுத்தமே அச்சுக்கும் தாங்கிக்கும் இடையில் நின்று சுமையைத் தாங்குகிறது என்பதும் இதனால் வெளியாயின. 1886-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித வடிவம் அளித்தார். இங்ஙனம் முழுப் படலம் அமைந்துவிட்டால் உலோகம் உலோகத்தைத் தொடுவதேயில்லை. தேய்மானமும் ஏறக்குறைய இல்லை.

ஆயின் இப்படலம் தோன்றுவதற்கு மூன்று தேவை: போதிய வேகம், போதிய பாகுத்தன்மை, அளவான இடைவெளி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் படலம் மெலிந்து, பரப்புகளின் நுண்ணிய மேடுகள் ஒன்றையொன்று தீண்டத் தொடங்குகின்றன. பிஸ்டன் மேல்முனையில் நிற்கும் கணத்தில் வேகம் இல்லை. அங்கே வெப்பம் மிகுதி. ஆதலால் எண்ணெய் நீர்த்துவிடுகிறது. எரிவாயுவின் அழுத்தமோ வளையத்தைச் சுவரின்மீது தள்ளுகிறது. எனவே மேல் வளையம் திரும்புமிடத்தில் சிலிண்டர் மிக அதிகமாகத் தேய்கிறது. நடுப்பகுதியில் குறைவாகவும், அடிப்பகுதியில் மிகச் சொற்பமாகவும் தேய்கிறது. இணைப்புத் தண்டு சாய்ந்து தள்ளுவதால் முன்பின் பக்கங்கள் பக்கவாட்டைக் காட்டிலும் அதிகம் தேயும். வட்டமாயிருந்த துளை இவ்வாறு மேலே அகன்றும், குறுக்கே முட்டை வடிவாகவும் மாறிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினை இயக்கிச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துவோரின் சிலிண்டர்கள் விரைவில் தேய்வதற்கும் காரணம் உண்டு. எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து, அமிலப் பொருள்களுடன் கூடி, இரும்பை அரிக்கின்றது.

அளந்த பின்னரே அறுத்தல்

பட்டறைகளில் எஞ்சினைப் பிரித்தவுடன் சிலிண்டரைக் கடைசலுக்கு அனுப்பிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. பழைய எஞ்சினுக்கு இதனினும் பெரிய தீங்கு வேறில்லை. முதலில் அளக்க வேண்டும். மேல் வளையம் திரும்புமிடம், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களில், முன்பின்னாக ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும், துளை அளவியால் 0.01 மி.மீ. நுட்பத்துடன் விட்டத்தைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இந்த ஆறு எண்களும் எஞ்சினின் வரலாற்றைச் சொல்லிவிடும். அடிப்பகுதியின் விட்டத்துக்கும் மேற்பகுதியின் விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 0.2 மி.மீ. அளவை எட்டியிருந்தால் கடைதல் இன்றியமையாதது. அதனினும் மிகக் குறைவாயிருந்து, சுவரில் கீறல்களும் இல்லையெனில், உட்பரப்பைச் சாணைக் கற்களால் இலேசாகத் தேய்த்துப் புதிய வளையங்களை இடுவதே போதும். அவ்வாறு செய்யுமிடத்து மேலே தேயாமல் நிற்கும் விளிம்பை முதலில் அகற்றிவிட வேண்டும். பழைய வளையம் தனக்கேற்ற உருவத்தை அங்குக் குடைந்து வைத்திருக்கும். கூரிய மூலையுடைய புதிய வளையம் அவ்விளிம்பில் மோதி முறிவதுண்டு.

கடைய நேர்ந்தால் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டே கடைய வேண்டும். பெரிய அளவுப் பிஸ்டன்கள் பெரும்பாலும் அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40 என்னும் படிகளில் வருகின்றன. அதாவது ஏறத்தாழ 0.5 மி.மீ., 1 மி.மீ. ஆகவே ஒரு சிலிண்டருக்கு இருமுறையே இவ்வாய்ப்பு உண்டு. 71 மி.மீ. வரையில் சென்றபின் கொள்ளளவு 356 கன சென்டிமீட்டராகிறது. அதனால் வலிமை கூடுவது அற்பமே, சுவர் மெலிவது நிச்சயம். அதற்குப்பின் எஞ்சியுள்ள வழி, சிலிண்டரை மேலும் குடைந்து அதனுள் வார்ப்பிரும்புக் குழலொன்றை இறுக்கமாகச் செலுத்தி, மீண்டும் 70 மி.மீ. அளவுக்குக் கொணர்வதாகும். சிலிண்டரைச் சூடேற்றி விரியச் செய்து குழலை இறக்குவர். குழலும் சிலிண்டரும் முழுப் பரப்பிலும் ஒட்டியிருந்தாலன்றி வெப்பம் வெளியே கடந்து விசிறிகளை எட்டாது. காற்றினாலேயே குளிரவேண்டிய எஞ்சினில் இக்குறை பிஸ்டனை இறுக்கிப் பிடிப்பதில் முடியும்.

பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடவேண்டிய இடைவெளியைப் பற்றிப் பட்டறைகளில் கருத்து வேறுபாடு மிகுதி. கணக்கு எளிது. ஒரு பாகை சென்டிகிரேடு வெப்பம் கூடும்போது அலுமினியக் கலவை தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 23 பங்கும், வார்ப்பிரும்பு 11 பங்கும் விரிகின்றன. 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே அளவாக 100 பாகை சூடேறினால் முன்னது 0.16 மி.மீ. விரியும், பின்னது 0.08 மி.மீ. விரியும். அதாவது குளிர்ந்த நிலையில் இருந்த இடைவெளியில் 0.08 மி.மீ. மறைந்துபோகும். பிஸ்டனின் தலைப்பகுதி இதனினும் மிகுந்த சூடடைவதாலேயே அது அடிப்பகுதியைவிடச் சிறிதாகக் கடையப்படுகிறது. உலோகக் கலவைக்கு ஏற்ப விரிவு மாறுபடுமாதலால், பிஸ்டன் செய்தவர் குறித்துள்ள இடைவெளியை அப்படியே கைக்கொள்ளுதல் தக்கது. ‘கையால் தள்ளினால் இறங்கவேண்டும்’ என்னும் அளவுகோல் பயன்படாது. வளையத்தின் வாய்களுக்கிடையே விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதாவது 70 மி.மீ. விட்டத்திற்கு 0.28 மி.மீ., விடுவது பொது விதி. வளையத்தைச் சிலிண்டரினுள் சதுரமாக இறக்கி வைத்து இதனை அளக்க வேண்டும்.

கடைந்த சுவர் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டுமென எண்ணுவது பிழை. ஹோனிங் கற்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் நுண்ணிய வரிகளை விட்டுச் செல்லவேண்டும். அவ்வரிகளே எண்ணெயைத் தேக்கி வைக்கும் வாய்க்கால்கள். வார்ப்பிரும்பில் இயற்கையாகவே விரவிக் கிடக்கும் கிராபைட்டுத் தகடுகளும் இப்பணியில் துணை செய்கின்றன. ஹோனிங் முடிந்ததும் சிலிண்டரைப் பெட்ரோலால் துடைப்பது போதாது. வரிகளில் பதிந்துள்ள சாணைத் துகள்கள் சோப்பும் வெந்நீரும் கொண்டு தூரிகையால் பலமுறை தேய்த்துக் கழுவினால்தான் வெளிவரும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கையில் கறை படியாதவரை கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும்.

மிதக்கும் புஷ்

இவ்வெஞ்சினின் உயிர்நிலை பெருமுனைத் தாங்கியே. அக்காலத்திய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் அங்கே உருளைத் தாங்கிகள் அமைந்திருந்தன. புல்லட் எஞ்சினில் உள்ளதோ மிதக்கும் புஷ். கிராங்கு ஊசிக்கும் இணைப்புத் தண்டின் வளையத்துக்கும் நடுவே, இரண்டிலும் ஒட்டாமல், உள்ளும் புறமும் வெள்ளை உலோகம் பூசப்பெற்ற, துளைகளுள்ள வளையமொன்று எண்ணெயில் மிதக்கிறது. ஊசி சுழலும்போது புஷ்ஷும் அதனைக் குறைந்த வேகத்தில் பின்தொடர்ந்து சுழலும். இதனால் உராய்வு வேகம் உட்பரப்புக்கும் வெளிப்பரப்புக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. வெள்ளை உலோகம் வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு ஆகியவற்றின் மென்மையான கலவை. 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐசக் பாபிட் கண்ட தாங்கி முறையின் வழி வந்தது. மென்மையே அதன் சிறப்பு. எண்ணெயோடு வரும் சிறு துகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு, விலையுயர்ந்த எஃகு ஊசியைக் காப்பாற்றுகிறது.

எண்ணெய் தடையின்றி வரும்வரை இத்தாங்கி ஓசையின்றி நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய் நின்றாலோ, மெல்லிய படலத்தை மட்டும் கொண்டு சிறிது நேரம் சமாளிக்கும் உருளைத் தாங்கியைப் போல் இதனால் சமாளிக்க இயலாது. வெள்ளை உலோகம் உருகி ஓடிவிடும். புஷ்ஷை அகற்றி உருளைத் தாங்கி பொருத்தும் பழக்கம் பட்டறைகளில் பரவியதன் காரணம் இதுவே. அம்மாற்றம் தவறானதன்று. ஆயினும் எண்ணெய் ஏன் வரவில்லை என்னும் வினாவுக்கு அது விடையாகாது. பம்பு கெட்டிருந்தால், உருளைத் தாங்கி தப்பினும் சிலிண்டர் தப்பாது.

தாங்கி தேய்ந்துள்ளதா என்பதை அறிய, சிலிண்டரைக் கழற்றி, கிராங்கை மேல்முனையில் நிறுத்தி, இணைப்புத் தண்டை நேர் மேலும் கீழுமாக அசைத்துப் பார்ப்பர். பக்கவாட்டு அசைவு இயல்பானது, கணக்கில் எடுக்கத்தக்கதன்று. மேற்கீழ் அசைவிலும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. புஷ்ஷுக்கு உள்ளும் புறமும் இரண்டு இடைவெளிகள் தேவையாதலால், எண்ணெய் வடிந்த நிலையில் அவ்விரண்டும் கூடி ஒரே அசைவாகக் கைக்குப் புலப்படும். உருளைத் தாங்கிகளைக் கையாண்டு பழகியவர்கள் இதனைத் தேய்மானமென்று மயங்கி, நல்ல தாங்கிக்குத் தண்டனை விதித்துவிடுகின்றனர். பிரித்து, ஊசியின் வட்டத்தையும் புஷ்ஷின் கனத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்த பின்னரே முடிவு கூறவேண்டும். குறுகிய இடைவெளியில் பாயும் எண்ணெயின் அளவு அவ்விடைவெளியின் முப்படியைப் பொறுத்தது. இடைவெளி இருமடங்கானால் கசிவு எண்மடங்காகும். சிறு பம்பு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் படலத்தின் அழுத்தம் குலைகிறது. தேய்மானம் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் நிலை இதுதான்.

கிராங்கு ஊசியின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. அதனைச் சாணையிட்டுச் சிறிதாக்குவோர் அத்தோலைக் கடந்து மென்மையான உட்பகுதியை அடைந்துவிடலாகாது. கடின குரோமிய முலாம் பூசி, மீண்டும் அளவுக்குச் சாணையிடும் முறையும் உண்டு. முலாம் பூசும்போது எஃகினுள் ஹைட்ரஜன் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்குவதால், பூசியவுடன் பல மணி நேரம் மிதமான சூட்டில் வைத்து அவ்வாயுவை வெளியேற்ற வேண்டும். அடிக்கடி வளைவிசைக்கு உட்படும் பாகங்களில் இம்முலாம் களைப்பு முறிவை விரைவுபடுத்தக் கூடுமாதலால், புதிய ஊசி கிடைக்கும்போது அதனை வாங்குவதே விவேகம். உருக்கிய உலோகத்தைத் தெளித்துக் கட்டுவதும் அத்தகையதே: சுமை குறைந்த அச்சுகளுக்கு ஏற்றது, கிராங்கு ஊசிக்கு ஏற்றதன்று. இரு கனச்சக்கரங்களையும் ஊசியில் பூட்டியபின், அச்சுகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்து, சில நூறாவது மில்லிமீட்டருக்குள் கொணர்தல் வேண்டும். பொறுமையற்றவர்க்கு இவ்வேலை உகந்ததன்று.

வால்வு வழிகாட்டிகளைப் பற்றிச் சில சொற்கள் போதும். நீலப் புகை எப்போது வருகிறது என்பதே குறை இருக்குமிடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். விசையைக் கூட்டி ஏற்றம் ஏறும்போது இடைவிடாது வந்தால் வளையங்களையும் சிலிண்டரையும் ஐயுற வேண்டும். இறக்கத்தில் விசையை மூடிவிட்டுப் பின் திறக்கும்போது வந்தால், உறிஞ்சு வால்வின் வழிகாட்டி தேய்ந்து எண்ணெயை உள்ளிழுக்கிறது. பல நாள் நின்ற வண்டியை இயக்கியவுடன் பெருமளவில் வந்து சிறிது நேரத்தில் அடங்கினால், தொட்டியின் எண்ணெய் பம்பின் வழியே கசிந்து கிராங்குப் பெட்டிக்குள் தேங்கியிருந்தது என்பது பொருள். மூன்றாவது வகைப் புகையைக் கண்டு சிலிண்டரைக் கடைந்தவர் வீண்செலவு செய்தவராவார். தேங்கிய நிலையில் அளவுக் குச்சி எண்ணெய் குறைந்திருப்பதாகக் காட்டும். அதனை நம்பி மேலும் ஊற்றுவதும் பிழையே. எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திய பின்னரே மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பம்பும் எண்ணெய் வழிகளும்

இப்பம்புகளில் பற்சக்கரங்கள் இல்லை. சிறிய உந்துதண்டு ஒன்று முன்னும் பின்னும் செல்ல, அதனைத் தாங்கிய வட்டத்தகடு அசைந்தாடி, உள்வழியையும் வெளிவழியையும் மாறி மாறித் திறந்து மூடுகிறது. தகட்டை வில்லொன்று அதன் இருக்கையின்மீது அழுத்துகிறது. தகட்டின் முகத்தில் கீறல் விழுந்தால் எண்ணெய் குறுக்கே கசியும். நிற்கும் வண்டியில் தொட்டி காலியாவதும் இதனாலேயே. மிக நுண்ணிய சாணைப் பசையிட்டுத் தகட்டை அதன் இருக்கையிலேயே மெல்லச் சுழற்றித் தேய்த்தால், முகம் முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிறம் தோன்றும். அதன்பின் பசையின் சுவடும் எஞ்சாதவாறு துளைகளையெல்லாம் கழுவிக் காற்றூதுதல் அவசியம். ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதல்லாத இப்பரப்பைச் சீர்செய்ய ஒரு மணி நேரம் செலவிட்டவர், பெருமுனையை இரண்டாம் முறை பிரிக்கும் உழைப்பிலிருந்து தப்புவர். பம்பை இயக்கும் புழுத் திருகு இடமரை உடையது என்பதையும் மறக்கலாகாது. வழக்கமான திசையில் வலிந்து திருகினால் கிராங்கு முனையே பழுதாகிவிடும்.

பம்பிலிருந்து சுழலும் கிராங்குத் தண்டினுள் எண்ணெய் புகுமிடத்தில் ஒரு சிறு தக்கை அல்லது ரப்பர் அடைப்பு இருக்கிறது. அது சுருங்கியோ, கிழிந்தோ, மூடியைப் பூட்டும்போது மடங்கியோ போனால், பம்பு செவ்வையாக வேலை செய்தாலும் எண்ணெய் பெருமுனையை அடையாமல் பக்கத்திலேயே வழிந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. தொட்டிக்கு எண்ணெய் திரும்பும்; ராக்கர்களும் நனையும்; பெருமுனை மட்டும் உலர்ந்துகொண்டிருக்கும். விலை மிகக் குறைந்த பாகமாதலால், மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதனை மாற்றிவிட வேண்டும். கம்பளி வடிகட்டியும் அவ்வாறே. பெட்டியின் சுவாசக் குழாயையும் கவனிக்கவேண்டும். ஒற்றைப் பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் 346 கன சென்டிமீட்டர் காற்றைப் பெட்டியினுள் நெருக்குகிறது. காற்றை வெளியே மட்டும் விடும் அடைப்பு வேலை செய்யாவிடின், அவ்வழுத்தம் எண்ணெயைச் சந்துகளின் வழியே வெளியே தள்ளும். புல்லட் என்றாலே எண்ணெய் ஒழுகும் எனக் கூறுவோர் இவ்வடைப்பைச் சோதித்ததுண்டா என்பது கேட்கத்தக்கது.

எண்ணெய் தேர்தல்

‘மசகு’ என்னும் சொல்லே மாட்டு வண்டியிலிருந்து வந்து எஞ்சினுக்கு ஏறியது. எரித்த வைக்கோலின் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சாணியருகே இட்ட வண்டிமையைக் கிராமத்து முதியோர் இன்றும் அறிவர். விளக்கெண்ணெயின் மூலக்கூறுகள் உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. வேகமற்ற நிலையிலும் படலம் அறாமல் காக்கும். முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழலும் எஞ்சின்களிலும் பின்னர்ப் பந்தய மோட்டார் சைக்கிள்களிலும் இவ்வெண்ணெய் பெரிதும் பயன்பட்டது. எனினும் சூட்டில் பிசினாகிப் படியும் குறையும், கனிம எண்ணெயுடன் நன்கு கலவாத குறையும் உடைமையால், அன்றாட வண்டிக்கு அது பரிந்துரைக்கத்தக்கதன்று.

இந்நாட்டின் வெப்பநிலையில், காற்றினால் குளிரும் இப்பழைய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 வகை எண்ணெய் பொருந்தும். 100 பாகை சென்டிகிரேடில் 50 என்னும் எண்ணுடைய எண்ணெயின் இயக்கப் பாகுத்தன்மை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரையிலும், 30 என்னும் எண்ணுடையது 9.3 முதல் 12.5 வரையிலும் அமையும். இற்றை நாள் கார்களுக்குரிய மெல்லிய எண்ணெய் உயர்ந்த விலையுடையதாயினும், அகன்ற இடைவெளிகளையுடைய பழைய தாங்கிகளில் நில்லாது ஓடிவிடும். மேலும், காம்களும் டாப்பெட்டுகளும் சந்திக்குமிடத்தில் முழுப் படலம் நிற்பது அரிது. அங்கே துத்தநாகமும் பாஸ்பரமும் அடங்கிய சேர்க்கைப் பொருளே பரப்பில் வினைபுரிந்து காப்பாகப் படிகிறது. கார்களின் புகை சுத்திகரிப்பானைப் பாஸ்பரம் கெடுப்பதால் புதிய கார் எண்ணெய்களில் அதன் அளவு குறைக்கப்பட்டுவிட்டது. பழைய எஞ்சினுக்கு வாங்குவோர் இதனைப் பார்த்து வாங்குதல் நன்று. கிளட்சுக்கும் பல்லிணைப் பெட்டிக்கும் இவ்வண்டியில் தனித்தனி எண்ணெய் உண்டாகையால், எஞ்சின் எண்ணெய் கிளட்சை நழுவச் செய்யுமோ என்னும் அச்சம் இங்கு எழுவதில்லை.

அழுக்கைக் கரைத்து மிதக்கவைக்கும் எண்ணெய்களைப் பழைய எஞ்சின்களில் ஊற்றலாகாது என்பது நெடுநாளைய எச்சரிக்கை. பல்லாண்டு படிந்த கசடு பெட்டியில் இருக்கையில் அவ்வெண்ணெயைத் திடீரென ஊற்றினால், பெயர்ந்த கசடு குறுகிய துளைகளை அடைக்கக் கூடும். அவ்வளவில் எச்சரிக்கை சரியே. முற்றிலும் பிரித்து, ஒவ்வொரு துளையையும் கம்பி விட்டுக் கழுவிய எஞ்சினுக்கு அது பொருந்தாது.

முதல் இயக்கம்

புதுப்பித்த எஞ்சின் கெடுவது பெரும்பாலும் முதற் சில நிமிடங்களில். பூட்டும்போதே பெருமுனையிலும் காம்களிலும் எண்ணெய் இட்டிருக்க வேண்டும். வடிகட்டி அறையை எண்ணெயால் நிரப்பி, தீப்பொறிச் செருகியைக் கழற்றிவிட்டு, உதைகோலால் பலமுறை சுழற்ற வேண்டும். ராக்கர் குழாயின் இணைப்பைத் தளர்த்தி எண்ணெய் வருகிறதா எனப் பார்ப்பது வழக்கம். ஆனால் அக்குழாய்க்கு எண்ணெய் தருவது திருப்பும் பம்பு. பூட்டும்போது கிராங்குப் பெட்டியில் ஊற்றிய எண்ணெயையே அது மேலேற்றிக் காட்டக் கூடுமாதலால், முதலில் தோன்றும் துளிகளைச் சான்றாகக் கொள்ளலாகாது. தொடர்ந்து சுழற்றும்போதும் ஓட்டம் அறாமல் வந்தால்தான் தொட்டியிலிருந்து எண்ணெய் சுற்றி வருகிறது என்று நம்பலாம்.

இயங்கத் தொடங்கிய பின் வண்டியை நிறுத்தி வைத்து நெடுநேரம் உறும விடுவது நல்லதன்று. வளையங்கள் சுவரோடு பொருந்துவதற்குப் பின்னிருந்து வாயு அழுத்தம் வேண்டும். சுமையின்றி ஓடினால் ஹோனிங் வரிகள் மழுங்கிச் சுவர் மெருகேறிவிடும். மிதமான சுமையில், வேகத்தை ஏற்றியும் இறக்கியும், இடையிடையே குளிரவிட்டு ஓட்டுதல் வேண்டும். முழு வேகமும், மிகக் குறைந்த வேகத்தில் உயர்ந்த பல்லிணையில் திணறவிடுவதும் விலக்கத்தக்கவை.

முதல் முந்நூறு கிலோமீட்டருக்குள் எண்ணெயை வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, படிந்த துகள்களை வெயிலில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் நுண்பொடி வளையங்களும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று இணங்குவதால் வருவது. அது ஓரளவு இருக்கத்தான் செய்யும். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் தென்பட்டால் காம், டாப்பெட்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும். மஞ்சள் மினுமினுப்பு வெண்கலப் புஷ்களிலிருந்து வருகிறது. காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளிபோல் மின்னும் துகள் பிஸ்டனின் அலுமினியமாகவோ பெருமுனையின் வெள்ளை உலோகமாகவோ இருக்கலாம். எரிசோடாக் கரைசலை ஒரு துளி இட்டால் அலுமினியம் குமிழிவிட்டுக் கரையும். வெள்ளை உலோகம் அவ்வாறு பொங்காது. பின்னதென்று தெரிந்தால் வண்டியை மேலும் ஓட்டாமல் பம்பு மூடியைத் திறந்து, முதலில் அந்தச் சிறு அடைப்பைப் பார்க்க வேண்டும்.